ஏடும் எட்டும்

கும்மிடிப்பூண்டியில் செங்கல்வராயனின் கார் இரண்டானது 1974ஆம் வருஷம் ஆடி மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், உச்சி வேளையில். அன்று சந்தையில் கத்தரிக்காய் மலிவு, வெங்காயத்தைக் கேட்பாரில்லை, மண்ணெண்ணெய் கடை வரிசை மட்டும் ரயில்வே கேட் வரைக்கும் நீண்டிருந்தது. அந்த வரிசையில் நின்றவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். காலையில் செங்கல்வராயனின் மனைவி சம்பூர்ணத்தின் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த அதே கறுப்புக் கார், அதே நசுங்கிய மட்கார்டு, அதே ஒற்றை விளக்கு, கேட்டைத் தாண்டி நிதானமாக ஊருக்குள் வந்தது. ஓட்டி வந்தவர் செங்கல்வராயன். அவர் காணாமல் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்பதால் யாரும் பின்னால் ஓடவில்லை. கார் நேராக சம்பூர்ணத்தின் வாசலுக்குப் போயிற்று. கொட்டகைக்குள் தன்னைப் போலவே ஒன்று ஏற்கெனவே நிற்பதைப் பார்த்து, ஒரு ஆள் நடக்க இடம் விட்டு, பக்கத்தில் நின்றது.

அது எந்தக் கம்பெனி கார் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சீமையிலிருந்து கப்பலில் வந்தது என்பது வரைக்கும் தெரியும். சுதந்திரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், பழவேற்காட்டு இறால் வியாபாரி அசன் முகைதீன் தலையில் அதைக் கட்டிவிட்டுப் போனார். அசன் முகைதீன் அதில் கருவாட்டு மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார். காருக்குக் கருவாடு பிடிக்கவில்லை, சின்ன மேடு வந்தாலும் நின்று அடம் பிடித்தது. அவர் அதை செங்கல்வராயனுக்கு விற்றுவிட்டு நிம்மதியாக மாட்டு வண்டிக்குத் திரும்பினார். செங்கல்வராயன் காரை வாடகைக்கு ஓட்டினார். சுற்று வட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் போனதும், வலி எடுத்த பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஓட்டுக் கேட்க வந்தவர்கள் கும்பிட்டபடி போனதும் அந்த ஒரே காரில்தான். சம்பூர்ணம் திருவாலங்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்து இறங்கியதும் அதே காரில்தான். கார் யாரையும் வித்தியாசமாக நடத்தவில்லை, எல்லாரையும் ஒரே மாதிரி குலுக்கியது.

1966இல் சம்பூர்ணத்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது அழவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. பெயர் வைப்பதற்கு அவகாசமே தராமல் போய்விட்டது. வயிற்றில் இருந்தபோதே தன் மனசுக்குள் வைத்திருந்த பெயரை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி இன்னும் ஒரு ஆளை எதற்கு அழவிடுவது என்று நினைத்தாள். அந்த வருஷமே மழைக்காலத்தில், கார்புரேட்டர் கெட்டுவிட்டது, மெட்ராஸ் போய் வேறு வாங்கிக்கொண்டு சாயங்கால வண்டிக்கு வந்துவிடுகிறேன் என்று செங்கல்வராயன் கிளம்பினார். பழைய மாடலைக் கடைக்காரன் கேட்பான் என்று காரின் பதிவுப் புத்தகத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். சாயங்கால வண்டி வந்தது. அவர் வரவில்லை. அடுத்த நாள் வண்டியும் வந்தது. சம்பூர்ணம் தினமும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு வருவதைப் பழக்கமாக்கிக்கொண்டாள். கொட்டகையில் சக்கரம் நகராமல் நின்ற காரின் மீட்டர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஊரில் கரண்ட் மீட்டர்களும் அப்படித்தான் ஓடின என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழு வருஷம் தாண்டியதும் செங்கல்வராயனின் தம்பி வீரராகவன் பேச்சை ஆரம்பித்தான். ஆள் ஏழு வருஷம் தகவல் இல்லாமல் போனால் சட்டப்படி போனவர்தான், பொட்டை அழிக்க வேண்டியதுதான், காரையும் தள்ளிவிட வேண்டியதுதான் என்பது அவன் கட்சி. அந்தச் சமயம் ஊரைச் சுற்றி நிலம் அளந்துகொண்டிருந்தார்கள், தொழிற்சாலைகள் வரப்போவதாகப் பேச்சு. இரும்பை உருக்கும் கொட்டகை ஒன்று வந்தேவிட்டது.

"அண்ணி, துருப்பிடிச்ச இரும்பை ஊட்ல வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? உருக்குறவன் லாரியோட வந்து தூக்கினு போறேன்றான்" என்றான் வீரராகவன்.

"தூக்கினு போவட்டும். வரும்போது அந்த லாரியில உங்கண்ணனை ஏத்தினு வரச் சொல்லு" என்றாள் சம்பூர்ணம்.

அவளுக்கு அந்தக் கார் இரும்பு இல்லை. செங்கல்வராயன் என்று ஒருவர் இருந்தார், இன்னும் இருக்கக்கூடும் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அதுதான். அதை உருக்கிவிட்டால் தன் நெற்றியில் இருப்பதையும் அழித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே காரைச் சரிசெய்து தன் பெயரில் பதிந்து தானே வாடகைக்கு விடுவது என்று முடிவெடுத்தாள். செத்தவர் என்று எழுதித் தர மாட்டேன், காணவில்லை என்றுதான் எழுதித் தருவேன் என்று திருவள்ளூர் போய் வண்டிகள் பதிகிற ஆபீஸில் சொன்னாள். அங்கே இருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் அதற்கெல்லாம் மறுப்புச் சொல்லவில்லை. புத்தகம் தொலைந்தால் வேறு புத்தகம் போடலாம், எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் மட்டும் வேண்டும், சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வாருங்கள் என்றார்.

எஞ்சின் நம்பர் மூடியைத் திறந்ததும் கிடைத்தது. சேஸிஸ் நம்பர் கிடைக்கவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து வந்த மெக்கானிக் துலுக்காணம், எஞ்சினை ஓட வைத்தவன், அந்த நம்பரைத் தேடுவதில் சித்திரை மாதம் முழுவதையும் தொலைத்தான். டிரைவர் காலடியில் இருக்கும் என்று நினைத்து அங்கே மூணு பூச்சு பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் தகரம் இருந்தது, நம்பர் இல்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தான். அங்கே ஒரு கல்யாணப் பத்திரிகையும் யாரோ ஒரு குழந்தையின் கொலுசும் இருந்தன. பின் சக்கரத்தருகே தேடினான், அங்கே கருவாட்டு வாசனை இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். வெள்ளைக்காரன் நம்பரை எங்கே அடிப்பான் என்பதில் மண்ணெண்ணெய் கடைக்காரருக்கும் போஸ்ட்மேனுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. கடைசியில் ஒரு நாள் துலுக்காணம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, முன் சக்கரத்து ஸ்பிரிங்குக்குப் பின்னால், தலை நுழையாத ஒரு சந்துக்குள் கையை விட்டு, கல்லாய் இறுகிய கிரீஸைச் சுரண்டினான்.

"சிக்கிச்சி யக்கா! கண்ணுக்குத் தெரியல, வெரலுக்குத் தெரியுது."

"கை எட்டுதா?" என்று மேலேயிருந்து குனிந்து கேட்டாள் சம்பூர்ணம்.

"எட்டுது, எட்டுது. தடவித் தடவி சொல்றேன், எய்திக்கோ. ரெண்டு... ஆறு... ஆறு... ரெண்டு... ஏடு."

சம்பூர்ணம் கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் எழுதினாள்: 26628. பென்சில் அச்சையும் துலுக்காணம் அந்தச் சந்துக்குள் குருட்டாம்போக்கில்தான் எடுத்தான். நாலு எண் தெளிவாக விழுந்தது, ஐந்தாவது துருவோடு சேர்ந்து ஈசல் மாதிரி அப்பிக்கொண்டது. திருவள்ளூரில் இன்ஸ்பெக்டர் அந்த ஈசலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். கடைசி எண் என்னம்மா என்று கேட்டார். எட்டு என்றாள். எட்டாம் நம்பர் வண்டி வீட்டுக்கு ஆகாது என்பார்களே என்றார். இதுக்கு மேல ஆகாம போக எங்க ஊட்ல ஒண்ணும் இல்ல சார் என்றாள். புத்தகம் ஒரு திங்கட்கிழமை கைக்கு வந்தது. மறுநாள் உச்சி வேளையில் எட்டாம் நம்பர் கார் வந்து சேர்ந்தது.

காரிலிருந்து இறங்கிய செங்கல்வராயன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முன்பக்க முடி நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. எட்டு வருஷத்தில் ஒரு மனிதன் எவ்வளவு மாற வேண்டுமோ அவ்வளவுதான் மாறியிருந்தார். கையில் ஒரு சின்ன அலுமினிய டப்பாவைப் பிடித்திருந்தார்.

"பாரு சம்பு, ஸ்கூல்ல எறங்கும்போது நாஷ்டா டப்பாவைக் கார்லயே உட்டுட்டா சந்திரகலா. பசியில கெடக்கும் புள்ள. இதைக் கொண்டுபோய் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

சம்பூர்ணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மனசுக்குள் வைத்து, யாருக்கும் சொல்லாமல், தானும் வாய்விட்டு ஒரு முறைகூடச் சொல்லிப் பார்க்காத பெயர் அது. வெளியில் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊர் கூடியது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. வீரராகவன் அண்ணனை வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி அங்க அடையாளம் பார்த்தான். சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு முழங்காலில் இருந்தது. காதுக்குக் கீழே இருந்த மச்சமும் இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு மச்சமும் இருந்தது. வந்தவர் வீரராகவனின் கையைத் தட்டிவிட்டு, "இன்னாடா, காலைல என் ஊட்ல காபி குடிச்சிட்டுப் போனவன், இப்ப என்னை மாட்டைப் பாக்குற மாதிரி பாக்குற?" என்றார். அவர் கணக்கில் அவர் எங்கும் போகவில்லை. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், ஒரு சவாரி போய்த் திரும்பும்போது கேட்டைத் தாண்டினார், அவ்வளவுதான். நாலு மணிக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அப்படி ஒரு பெண் மூன்றாம் வகுப்பிலும் இல்லை, எந்த வகுப்பிலும் இல்லை என்றார்கள். அவர் வாசலிலேயே இருட்டும் வரை நின்றுவிட்டு, டப்பாவோடு திரும்பி வந்தார்.

கார்களில் எது எது என்று தெரியாமல் போய்விடக்கூடாதென்று துலுக்காணம் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, முகக்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சம் அடித்து, எண்களில் சாக்பீஸ் தூளைத் தேய்த்தான். வந்த காரில் 26628 என்று பளிச்சென்று தெரிந்தது. கொட்டகைக் காரில் 26627.

"நான் ஏடுன்னு தானே யக்கா சொன்னேன்!" என்று தலையில் கை வைத்தான்.

"எட்டுன்னு தானேடா காதுல வுயுந்துது!"

துலுக்காணம் தமிழில்தான் பேசுவான், தமிழில்தான் சண்டை போடுவான், எண்ணுவது மட்டும் தாய்ப்பாஷையான தெலுங்கில். எல்லையோரத்தில் பாதிப் பேர் அப்படித்தான். ரெண்டும் ஆறும் இரண்டு பாஷைக்கும் பொது. நாலு எண்களையும் தமிழ் என்றே கேட்டுக்கொண்டு வந்த காது, கடைசியில் வந்த ஏடு தெலுங்கு ஏழு என்பதைக் கவனிக்கவில்லை. கை எட்டுதா, எட்டுது என்று அப்போதுதான் பேசியிருந்தார்கள், அந்த எட்டும் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டிலிருந்து அசன் முகைதீனை வரவழைத்து இதில் நீங்கள் விற்றது எது என்று கேட்டார்கள். அவர் இரண்டு காரிலும் ஏறி உட்கார்ந்து மோந்து பார்த்தார். "ரெண்டுலயும் நம்ம கருவாடுதான் வாப்பா மணக்குது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். மாதம் ஒரு முறை ஊருக்கு வரும் பிரேக் இன்ஸ்பெக்டர் மட்டும்தான் கொஞ்சமும் குழம்பவில்லை.

"புக்குல எட்டுன்னு போட்டிருக்கு. எட்டாம் நம்பர் வண்டி வந்து நிக்குது. எனக்கு எல்லாம் சரியா இருக்கும்மா. ஏழுக்குத்தான் புக்கு இல்ல" என்றார். "தப்புன்னு நினைச்சீங்கன்னா ஆபீஸுக்கு வாங்க. எட்டை அடிச்சு ஏழுன்னு போட்டு கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா அடிச்சிட்டா அப்புறம் எட்டுன்னு ஒரு வண்டி இந்த ஊர்ல கிடையாது. வண்டியில வந்ததும் கிடையாது. அதை யோசிச்சுக்குங்க."

சம்பூர்ணம் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்று தீர்மானமாக இருந்தாள். முதல் சில நாட்கள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. நீங்க என்றால் புருஷன் என்று ஆகிவிடும், வேறு எப்படிச் சொன்னாலும் அந்நியர் என்று ஆகிவிடும். சோறு ஆச்சு, தண்ணி வச்சிருக்குது, மழை வரப்போவுது என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். பிறகு ஒரு நாள் குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் முகத்தைச் சுளித்த சுளிப்பில், அவளையறியாமல் "வேணும்னா நீங்க வந்து செய்ங்க" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரமம் இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாயங்கால வண்டிக்குக் கேட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவர் எட்டாம் நம்பர் காரை வாடகைக்கு ஓட்டினார், சவாரி இல்லாத நாளில் ஏழாம் நம்பர் காரில் அவளை உட்கார வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்சை மிதிக்க அவள் பயந்தபோது, "இன்னாத்துக்குப் பயப்படுற? அங்க நீதானே என்னைவிட நல்லா ஓட்டுவ" என்றார். அதைக் கேட்ட வாரத்திலேயே சம்பூர்ணம் சந்தை வரைக்கும் ஓட்டிப் போய் வந்தாள்.

ஆனால் எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக இருந்தது. அவர் சட்டையில் ஒரு பட்டன் கூடுதல், அவர் கும்பிடுகிற சாமிகளில் ஒரு சாமி கூடுதல். அவர் சொன்ன ஒவ்வொரு கதையிலும் ஒரு ஆள் கூடுதலாக இருந்தாள். பெரியபாளையத்துக்குப் போன கதையில் சந்திரகலா வேப்பிலையைப் பார்த்துப் பயந்து அழுதாள். மழையில் கார் நின்ற கதையில் அவள்தான் பின்னாலிருந்து தள்ளினாள். சம்பூர்ணம் அந்தக் கதைகளை மறுபடி மறுபடி கேட்டாள். முடி நீளமா, என் மூக்கா உங்க மூக்கா, தூங்கும்போது விரல் சூப்புமா என்று கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவார். வெளியே போய் வண்டியைத் துடைப்பார், துடைத்த இடத்தையே துடைப்பார்.

தை மாதத்தில் ஒரு நாள் சம்பூர்ணம் தன் காரில் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே வந்தார்கள். வாசலுக்கு எதிரே செங்கல்வராயன் நின்றுகொண்டிருந்தார். சவாரி போவதாகச் சொல்லிவிட்டு அவர் தினமும் நாலு மணிக்கு இங்கே வந்து நிற்கிறார் என்பது ஊரில் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் யாரையும் தேடவில்லை, சும்மாதான் நின்றார். அவருடைய வலது கை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, ஒரு குழந்தையின் உயரத்தில், விரல் ஒன்று பிடித்துக்கொள்ள வாகாக நீட்டியபடி இருந்தது. கடைசிப் பிள்ளையும் போய் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தியதும் அவர் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

சம்பூர்ணத்துக்கு அந்த நிற்பு தெரியும். ரயில்வே கேட் பக்கத்தில் எட்டு வருஷம் நின்று பழகியவள் அவள். அப்போதுதான் அவளுக்கு அந்த இன்னொருத்தியின் நினைப்பு வந்தது. ஆறு மாதமாக அவளை நினைக்காமல் இருக்க சம்பூர்ணம் எவ்வளவோ பாடுபட்டிருந்தாள். அங்கே ஒரு கும்மிடிப்பூண்டியில் ஒரு சம்பூர்ணம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போன புருஷனை இன்று சாயங்காலமும் எதிர்பார்த்து நிற்பாள், பக்கத்தில் டப்பா இல்லாமல் பள்ளிக்கூடம் போன ஒரு பெண்ணும் நிற்கும். அங்கேயும் ஒரு வீரராகவன் இருப்பான், வருஷத்தை எண்ணிக்கொண்டிருப்பான். இந்த வேலையைத் தனக்குச் செய்தது யார் என்று எட்டு வருஷமாக அவள் சபித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதையே தன் கையால், கரித்துண்டால் எழுதி, தனக்கே செய்திருக்கிறாள். அவள் காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். ஹார்ன் அமுங்கி நெடுநேரம் அடித்தது. கூட்டம் சேர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினாள்.

"நாளைக்குத் திருவள்ளூர் போயி புக்கைத் திருத்திடலாம்" என்றாள், சோறு போடும்போது.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். "அப்ப நீ?" என்றார்.

"நான்தான் அங்கயும் கீறேனே."

இரண்டு கார்களும் ஒன்றன் பின் ஒன்றாகத் திருவள்ளூர் போயின. ஏழை அவள் ஓட்டினாள், எட்டை அவர் ஓட்டினார். பெரியபாளையத்தில் நிறுத்தி அவள் கோயில் கடையில் கண்ணாடி வளையல் வாங்கினாள். அளவு தெரியவில்லை. அவரைக் கேட்டதும் அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, ரொம்ப நேரம் சரிபார்த்து, இவ்வளவு என்று காட்டினார். கடைக்காரர் அந்த வளையத்துக்குள் வளையலை வைத்துப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார். சிவப்பும் பச்சையுமாக மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னாள் சம்பூர்ணம்.

ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் எட்டாம் நம்பர் காரை நிறுத்தி, அவர் இறங்காமலே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாக வளையல் பொட்டலத்தைக் கொடுத்தாள். எங்கிருந்து வாங்கியது என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவர் கேட்டார். அம்மா வாங்குனதுன்னு சொல்லுங்க, பொய் இல்லையே என்றாள்.

"இத்தனை நாளு எங்க போனீங்கன்னு கேட்டு அவ திட்டுவா. நானா இருந்தா திட்டுவேன். வாங்கிக்குங்க. பதிலுக்கு ஒண்ணும் பேசாதீங்க. எவ்ளோ நேரம் திட்டினாலும் வாங்கிக்குங்க."

"சரி" என்றார். பிறகு, "சம்பு" என்றார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் புதிதாக எடுத்த பென்சில் அச்சைப் பார்த்தார். ஏழு, குழப்பமே இல்லாத ஏழு. புத்தகத்தில் எட்டின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஏழு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதிவிட்டுக் குத்தினார். கோடு போடும்போது சம்பூர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது புளியமரத்தடியில் கார் இல்லை. தரையில் கொஞ்சம் எண்ணெய் சொட்டியிருந்தது, ஒரு நாய் அதை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அவள் தன் காரில் ஏறி, வழியில் இரண்டு பேரைப் பெரியபாளையம் வரைக்கும் சவாரி ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டியில் வாடகைக் கார் என்றால் சம்பூர்ணத்தின் கார்தான். பொம்பளை ஓட்டுகிறாளே என்று முதலில் தயங்கியவர்கள், வலி எடுத்த பெண்களை அவள் குலுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள் என்று தெரிந்ததும் அவளைத்தான் தேடி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மெதுவாகப் போவாள், திரும்பும்போது குழந்தையை ஒரு முறை மடியில் வாங்கிப் பார்த்துக்கொள்வாள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன, புது ஆட்கள் வந்தார்கள், நிலத்து விலை ஏறியது. வீரராகவன் பொட்டு விஷயத்தை மறுபடி ஒரு முறை எடுத்தான். உங்கண்ணனை நானே வழியனுப்பினேன், ஊட்டுக்குத்தான் போனாரு, ஊருக்கே தெரியும் என்றாள். ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆகவே அவனும் விட்டுவிட்டான். துலுக்காணம் மட்டும் எண்களைத் தமிழில் சொல்லப் பழகிக்கொள்ளப் பார்த்தான். அது அவனுக்கு ஒரு நாளும் வரவில்லை.

1978இல் குடும்ப அட்டைக்குக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ஊருக்குப் புதியவர், வெயிலில் வியர்த்துப் போயிருந்தார். சம்பூர்ணம் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஊட்ல எத்தினி பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

"ஊட்டுக்காரரு?"

"கீறாரு. இங்க இல்ல."

"புள்ளைங்க?"

"ஒண்ணு. பொண்ணு."

"எங்க கீது?"

"பக்கத்துலதான். ஒரு நம்பர் தள்ளி" என்றாள் சம்பூர்ணம்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். வயசு என்ன என்று கேட்டார். சம்பூர்ணம் துணியைப் பிழிந்து காரின் மேல் போட்டுவிட்டு, யோசிக்காமல், "வர்ற ஆவணிக்குப் பன்னெண்டு முடியுது" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.